கடைசித் தாளில் பென்சில் இல்லை

கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

சுபாஸ்ரீ தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தாள்.

“அந்தப் பத்திரிகை மெயிலை இன்னொரு தடவை படி,” என்றான் அவள் கணவன் ஆனந்தகுமார், அறை வாசலில் நின்றபடி.

போனைப் பார்த்துப் படித்தாள். “‘நாங்கள் தேர்ந்தெடுத்த கதைகளில் இரண்டு, செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டவை என்று தெரியவந்துள்ளது. உங்கள் கதையின் கையெழுத்துப் பிரதியை இன்று இரவு ஒன்பது மணிக்குள் ஸ்கேன் செய்து அனுப்பவும். தவறினால் கதை வெளிவராது. இனி உங்கள் படைப்புகளைப் பரிசீலிக்கவும் இயலாது.’”

“நீ ஏஐல எழுதலையே?”

“ஏன், உங்களுக்கும் சந்தேகமா?”

“சும்மா கேட்டேன்பா.”

“கையாலதான் எழுதினேன். டைப் பண்ணி அனுப்பிட்டு, தாளை இங்கதான் போட்டு வச்சேன்.”

இதுவரை இருபத்திரண்டு கதைகள் அனுப்பியிருந்தாள். எதிர் வீட்டாருக்கு நாளை நடக்கப்போவதைச் சொல்லும் லிப்ட், செவ்வாய்க் கிரகத்தில் ரேஷன் கடை என்றெல்லாம். இருபத்தொன்று திரும்பிவிட்டன. தேர்வானது இது ஒன்றுதான். அவள் வேலை பார்க்கும் அமீர்பேட் கோச்சிங் சென்டரில் மீந்த வினாத்தாள்களின் பின்பக்கத்தில், மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் எழுதியது.

மணி ஏழே முக்கால்.

“அம்மா!” ஆனந்தகுமார் குரல் கொடுத்தான். “போன வாரம் பழைய பேப்பர் போட்டியே, அதுல சுபா எழுதின தாளும் போயிடுச்சா?”

மங்களம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எனக்கென்னடா தெரியும்? செகந்திராபாத்துல பொறந்து, தெலுங்கு ஸ்கூல்ல படிச்சவ நான். தமிழ் பேசுவேன், அவ்வளவுதான். எது கதை, எது குப்பைன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

“ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாதா?”

“வீடு பூரா பேப்பரு. கரப்பான் ஓடுது.” தலை உள்ளே போய்விட்டது.

“வேணும்னே போட்டிருப்பாங்க,” என்றாள் சுபாஸ்ரீ, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஏய், அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதும்மா.”

தெரியாதுதான். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கதையையே எழுதினாள்.

கதையில், ஒரு வீட்டுக்கு மாமியார் எந்திரம் வருகிறது. பேசுவதற்கு முன் இரண்டு முறை இருமும். மருமகள் வைத்த குழம்பை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும். ஆறு பக்கமும் மங்களம்தான். கடைசிப் பக்கத்தில் மருமகள் அதன் முகத்தைக் கழற்றிப் பார்க்கிறாள். உள்ளே கண்கள் இல்லை. ஒரு கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிடுகிறாள்.

அதுவும் மங்களம்தான். வேலையிலிருந்து வரும் மருமகளின் முகத்தைப் பார்க்குமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது அவள் வழக்கம்.

எட்டு மணி. சுபாஸ்ரீ தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது.

மங்களம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நக்கோ, நக்கோ. வேண்டாம், அழாதே.”

தன் அறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மடித்த புடவைக்குள்ளிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து வந்து மருமகள் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“இதுவான்னு பாரு. அடுப்புல பால் இருக்கு.”

போய்விட்டாள்.

“பாத்தியா? எடுத்து வச்சிருக்காங்க. நீ என்னமோ சொன்னே!” ஆனந்தகுமார் சிரித்தான்.

சுபாஸ்ரீ முதல் தாளைத் திருப்பினாள்.

ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே பென்சிலில் தெலுங்கு எழுத்து. எழுத்துக்கூட்டி, தப்பாகி, அழித்து, மறுபடி எழுதியது. இரண்டாம் தாளிலும் அப்படியே. மூன்றாவதில், இருமலுக்குக் கீழே. நான்காவதில், குழம்புக்குக் கீழே. ஐந்தாவதில் மொத்தமே கடினமான நாலைந்து சொற்களுக்குத்தான்.

ஆறாவதைத் திருப்பப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள்.

பென்சிலே இல்லை.

மூச்சு வந்தது. மங்களம் அலுத்துப்போய் விட்டிருக்கிறாள். கடைசித் தாளைப் படிக்கவில்லை.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இர்பான் பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அவளைப் பார்த்ததும் மறுபடி தூக்கினார்.

“என்ன மேடம், யாரோ குழந்தை எழுத்துப் பழகுது போல?” என்றார், தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தபடி.

“சீக்கிரம் பாய்.”

எட்டே முக்காலுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. அவள் மாடிப்படி ஏறும்போதே பதில் வந்துவிட்டது.

‘பார்த்தோம். அடுத்த இதழில் கதை வருகிறது. வாழ்த்துகள். கீழே தெலுங்கில் எழுதிப் படித்தவர் யார்? கொடுத்துவைத்தவர் நீங்கள்.’

போனைப் பைக்குள் போட்டுவிட்டு மணியை அழுத்தினாள்.

மங்களம் கதவைத் திறந்தாள்.

“கிடைச்சுதா அவங்களுக்கு?”

“கிடைச்சுது அத்தை.”

“சரி, சாப்பிட வா.”

மங்களத்தின் கண்கள் சுவர்க் கடிகாரத்தை நோக்கி உயர்ந்தன. பாதியில் நின்று, மருமகளின் முகத்துக்கு இறங்கின.