பாதி வெட்டு

“வயரை வெட்டினது யாரு?”

டைரக்டர் போட்ட சத்தத்தில், தெர்மாகோல் விண்கல்லுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஏணியை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

டூப்பை அந்தரத்தில் தொங்கவிடும் இரும்பு வயர், ரெண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. காலையிலேயே படப்பிடிப்பு படுத்துவிட்டது.

படத்திலும் இதே கதைதான். விண்கல்லில் கனிமம் தோண்டப் போன இடத்தில் எவனோ கேபிளை அறுத்து நாசவேலை செய்கிறான்.

“நான்தான் சார்” என்று முன்னால் வந்தார் வயர்க்காரர். டூப்புகளுக்கு வயர் மாட்டி மேலே ஏற்றுவதில் முப்பது வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“ஏன்யா?”

“வயர் சரியில்ல சார். உள்ள துருப்பிடிச்சிருக்கு.”

மேனேஜர் பாய்ந்தார். “வெளிய பளபளன்னு இருக்கு. உள்ள துருன்னு உனக்கு யாரு சொன்னா?”

வயர்க்காரர் ஒரு நொடி டூப்பைப் பார்த்தார்.

“யாரும் சொல்லல. நேத்தே புது வயர் கேட்டேன், நீங்க தரல. நீங்களே குனிஞ்சு பாருங்க சார்.”

மேனேஜர் துண்டைக் காலால் ஓரம் தள்ளினார். செக்கச்செவேலென்று பொடி உதிர்ந்தது. குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

“சார், இது வேற கதை” என்றார் மேனேஜர். “ டூப்பு இவரோட மாப்பிள்ளை. பொண்ணு சொல்லாம கொள்ளாம கட்டிக்கிட்டா. ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. தீர்த்துக்கட்டப் பார்த்திருக்காரு!”

“அடப்பாவி, பெத்த பொண்ணு வாழ்க்கையாச்சே!” மேக்கப் அக்கா வாயில் கைவைத்தார்.

டைரக்டர் டூப்பிடம் திரும்பினார். “ரெண்டு நாளா நீதானே தொங்கறே? வயர்ல கோளாறு ஏதாச்சும் இருந்துச்சா?”

டூப் தலையைக் குனிந்துகொண்டான். “நல்லாத்தான் இருந்துச்சு சார்.”

“இவர் உன் மாமனாராமே?”

“ஒட்டும் இல்ல, உறவும் இல்ல சார்.”

டைரக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

“சங்கத்துக்கு எழுதறேன். இனிமே எந்த செட்லயும் நீ காலெடுத்து வைக்க முடியாது. வெளிய போய்யா!”

வயர்க்காரர் டூப்பின் இடுப்பு பெல்ட்டைப் பழக்கதோஷத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கட்டரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மதியம் புது வயர் வந்தது. டூப் ஜோராகப் பறந்தான்.

அடுத்து ஹீரோவின் வசனம். அறுபட்ட கேபிளைத் தூக்கிப் பிடித்து முழங்கினார்:

“பாதிதான் அறுத்திருக்கான், பாருங்க! முழுசா அறுத்திருந்தா நாம ஏறியே இருக்க மாட்டோம், ஒருத்தனும் விழுந்திருக்க மாட்டான். கொல்ல நினைக்கிறவன் மட்டும்தான் பாதியோட நிறுத்துவான்!”

செட்டே கைதட்டியது.

“என்னா பாயின்ட் சார்!” மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது.

“சும்மாவா? மூணு மாசம் மண்டையை உடைச்சிக்கிட்டு எழுதினது” என்றார் டைரக்டர்.

காலையில் கிடந்த வயர் முழுசாக வெட்டுப்பட்டிருந்தது இவர்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

டூப் மட்டும் கைதட்டவில்லை. முந்தின நாள் வயர்ப் பெட்டிக்குப் பின்னால் வயர்க்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாய் திறந்து பேசியது காதிலேயே நின்றது.

“மாமா, வயர் உள்ள நறநறங்குது, துரு கொட்டுது. ஏற மாட்டேன்னு நான் சொன்னா ஆளை மாத்திடுவாங்க. என் பேர் வெளிய வராம நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும், மாமா.”