புல்வெளியில் ஒரு பாய்

"என் பேரு தோமாசி. வயசு இருபத்திரெண்டு. உங்க தோப்புக்குப் பின்னால கொட்டகையிலதான் தங்கியிருக்கேன். தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க... சரியா இருக்காண்ணே?"

"டேய், உனக்குச் சம்பளம் கொடுக்கறவங்கடா கிளெனிஸம்மா. பேரு, வயசெல்லாம் எதுக்கு? பொண்ணு பார்க்கவா வந்திருக்கே?"

தோமாசிக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. மலாகி அவன் காதைப் பிடித்துத் திருகினான்.

விடிந்தும் விடியாத நேரம். ஆஸ்திரேலியாவின் போவன் ஊர் மாந்தோப்பு முதலாளியம்மாவின் வாசல் புல்வெளியில், சமோவாவிலிருந்து வந்த பெரிய பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஊரான சமோவாவில் தப்புச் செய்தவன் இப்படித்தான் வந்து உட்கார வேண்டும். பாதிக்கப்பட்டவர் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் வெயிலில் காய வேண்டியதுதான்.

"அண்ணே, மண்டி போடாம உட்கார்ந்தா தப்பா நினைப்பாங்களோ?"

"இருக்கறபடி இரு. அசையாதே, பாய் நழுவுது."

"கால் எப்பண்ணே சரியாகும்?"

"ரெண்டு மாசம்னு டாக்டர் சொன்னாரே. எலும்பு ரெண்டு இடத்துல போயிருக்கு."

"ஏணியை மேடுபள்ளத்துல ஊனினவன் நான்தானே! நஷ்ட ஈடு கேப்பாங்களோ?"

"கேக்காம? இந்த ஊர்ல கால் முறிஞ்சா முதல்ல டாக்டர், அடுத்தது வக்கீல். ஏணி போச்சு, கூடை கூடையா மாம்பழம் கூழாப் போச்சு. கொஞ்சுவாங்களா?"

தோமாசி மனசுக்குள் கணக்குப் போட்டான். இங்கே விரட்டிவிட்டால் அடுத்த பருவத்துக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள். ஊரில் பாதி கட்டிய வீடு கூரையில்லாமலே நிற்கும்.

ஏதோ ஒன்று பாயை மோப்பம் பிடித்தது.

"அண்ணே, மழை தூறுது."

"மழை சூடா இருக்காதுடா. அது அவங்க நாய்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பாயும் சேர்ந்து குலுங்கியது.

வெயில் ஏறியபின் கதவு திறந்தது. கிளெனிஸ் போனில் பேசுவது கேட்டது. "புரியுது வக்கீல் சார். எதையும் ஒத்துக்கக் கூடாது. சரி, சரி."

"வக்கீல்!" தோமாசியின் சிரிப்பு செத்துப்போனது.

டொக், டொக் என்று ஒரு கட்டைச் சத்தம் புல்வெளிக்கு நெருங்கி வந்தது.

"மலாகி! உன் செருப்பு வெளியே தெரியுது. நீதானே உள்ளே?"

மலாகி செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் ஊன்றி வந்த விளக்குமாறு தொப்பென்று கீழே விழுந்தது. பாயின் ஓரம் தூக்கப்பட்டது. ஆனால் விலகவில்லை. கிளெனிஸ் குனிந்து தவழ்ந்து உள்ளே வந்துவிட்டாள்!

"தள்ளுங்கப்பா. தப்புப் பண்ணவங்கதானே இதுக்குள்ள உட்காரணும்? மலாகி, நீதானே ஒருநாள் சொன்னே? அந்த ஏணியில மேல்படி இத்துப்போனது எனக்குப் போன வாரமே தெரியும். வக்கீல் கிடக்கான், விழுந்தவனுக்கு நஷ்ட ஈடு கிடைக்க நானே சாட்சி சொல்றேன். அடுத்த பருவத்துக்கும் தோமாசிதான் முதல் ஆள். என்னை மன்னிச்சிடு ராசா. இப்பக் கொஞ்சம் நகரு."

தோமாசி நகரப் பார்த்தான். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்த அவனுடைய கால் இம்மியும் அசையவில்லை.

"அம்மா, முதல்ல யாராவது என்னைத் தூக்கி விடுங்களேன்."