ஆமென் சொல்லும் வரை

"இன்னைக்கு ஒரே நிமிஷம்தான். அதுக்கு மேல ஜெபத்தை இழுத்தீங்கன்னா, என் தட்டை எடுத்துக்கிட்டு உள் ரூமுக்குப் போயிடுவேன்."

தட்டுகளில் ரொட்டியை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிம்மா. ஒரே நிமிஷம்."

இந்த 'சரிம்மா'வை அவள் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் மெஷின் ஓட்டிய அச்சகத்தை இழுத்துப் பூட்டி எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் வந்த காலத்தில் அவருடைய சாப்பாட்டு ஜெபம் ஒரே வரி. கறியும் மீனும் ஆவி பறக்கும். 'தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்' என்று தட்டில் கையை வைத்துவிடுவார். இப்போது தட்டில்தான் ஒன்றும் இல்லை. ஜெபம் மட்டும் சரக்கு ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வாரம் ஆறு நாள் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்துவிட்டு, கால் கடுக்க, வயிறு காய வந்து உட்கார்ந்தால், மனுஷன் குழாய்த் தண்ணீருக்கு நன்றி சொல்ல ஆரம்பிப்பார். இன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலேயே ஒரு மணி நேரம் ஸ்தோத்திரம் சொல்லியாயிற்று. அதற்கு மேலும் மிச்சம் இருக்குமா என்ன?

"ஆண்டவருக்கு ஒரு வரியில சொன்னா புரியாதாங்க?"

"புரியும்."

"அப்புறம் ஏன் இத்தனை நீளம்?"

"எனக்குத்தான் சொல்லி முடியல."

இவரிடம் பேசிப் பிரயோசனமே இல்லை. அவள் கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

பங்கு வைப்பதில் மட்டும் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ரெண்டு ரொட்டி, பாதி முட்டை, ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சூப். பெரியவர், சின்னவர் என்ற பேதம் கிடையாது. 'எனக்குப் பசிக்கலை' என்ற பேச்சும் அவளிடம் எடுபடாது. முதல் மாதத்தில் ஓரிரு முறை அவர் அப்படிச் சொல்லிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கண்ணை மூடுங்க" என்றாள்.

பன்னிரண்டு வயது மகளும் ஏழு வயதுச் சின்னவனும் கையைக் கூப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். ஜெப நேரத்தில் எட்டிப் பார்த்தால் அவள் தொடையில் கிள்ளுவாள். அவள் அம்மா அவளை வளர்த்ததும் அப்படிக் கிள்ளித்தான்.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம். தலைக்கு மேல இருக்கிற கூரைக்காக ஸ்தோத்திரம். சுவிட்சைப் போட்டதும் எரியுற விளக்குக்காக..."

பில் கட்டாவிட்டால் அதுவும் எரியாது. அன்றைக்கு இருட்டுக்கும் ஸ்தோத்திரம் சொல்வாராக்கும் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"சின்னவன் செருப்பு இன்னும் கிழியாம இருக்கிறதுக்காக ஸ்தோத்திரம்..."

நடுவில் ஒரு நிறுத்தம் வேறு. மூச்சு வாங்குகிறாரா, அடுத்ததை யோசிக்கிறாரா தெரியவில்லை.

"உழைச்சு எங்களைக் காப்பாத்துற இவளோட கைகளுக்காக ஸ்தோத்திரம்..."

கைக்கு ஸ்தோத்திரம் சொன்னால் போதுமா? வாய்க்குச் சோறு போட வேண்டாமா? இப்படி ஆற அமர ஜெபம் பண்ணுகிறவர், ஆமென் சொன்னதும் சாப்பாட்டையாவது நிதானமாகச் சாப்பிடுவாரா என்றால் அதுவும் இல்லை. சின்னவனுக்கு அவள் முட்டையைப் பிட்டுக் கொடுத்து நிமிர்வதற்குள் அவர் தட்டைக் காலி பண்ணிவிட்டுப் பாத்திரம் கழுவப் போயிருப்பார்.

"இந்தத் தெருவுல இருக்கிற எல்லாருக்காகவும்..."

ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. தெருவுக்கே வந்துவிட்டார், இனி ஊர், உலகம் என்று போவார். போதும். சொன்னபடியே எழுந்துவிட வேண்டியதுதான். தட்டை எடுக்கக் கண்ணைத் திறந்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து ஜெபத்தின் நடுவே அவள் கண்ணைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணும் திறந்துதான் இருந்தது.

வாய் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கை தன் தட்டிலிருந்த பாதி முட்டையை எடுத்து மகளின் சூப்புக்குள் சத்தமில்லாமல் இறக்கியது. சின்னவன் தட்டில் ரெண்டாக இருந்த ரொட்டி மூன்றாகியிருந்தது. அவர் தட்டில் ஒன்றுதான் மிச்சம். பார்வை முழுக்கத் தட்டுகளின் மேல் இருந்ததால் அவர் அவளைப் பார்க்கவில்லை.

எட்டு மாதம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை. பெல்ட்டில் அவர் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டபோது, வேலையில்லாக் கவலையில் இளைத்துவிட்டார் என்றல்லவா நினைத்தாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் நிமிர்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...எங்க எல்லாருக்கும் போதுமான அளவு தந்தீரே, அதுக்காகவும் ஸ்தோத்திரம். ஆ..."

"இருங்க" என்றாள். "இன்னும் ஆமென் சொல்லாதீங்க. நானும் ஜெபம் பண்றேன்."

"போச்சு" என்றான் சின்னவன், கண்ணை மூடியபடியே.

"நீயாம்மா?" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபம் பண்ணி அவர் கேட்டதில்லை.

"நான்தான். கண்ணை மூடுங்க எல்லாரும். நீங்களும்தான்."

அவர் நல்ல பிள்ளையாகக் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அவர் பட்டியலையே எடுத்துக்கொண்டாள். "ஆண்டவரே... இந்தக் கூரைக்காக ஸ்தோத்திரம். விளக்குக்காக ஸ்தோத்திரம்" என்று அவசரமே இல்லாமல் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்து, தன் ரொட்டியில் ஒன்றை அவர் தட்டுக்கு மாற்றினாள்.