தண்ணீருக்கு வந்த தொற்று

தண்ணீருக்கும் கொரோனா வந்திருந்தது.

மருத்துவமனை ஆய்வகத்தில் அவள் கணினித் திரையை இன்னொரு முறை பார்த்தாள். சோதனையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அது நெகட்டிவ் என்று வந்தால்தான் மற்ற முடிவுகளை நம்பலாம்.

இன்று அதுவே பாசிட்டிவ். யாரோ ஒருவரின் மாதிரி காற்றில் பறந்து மற்ற குழாய்களிலும் விழுந்திருக்கிறது.

மின்விசிறி.

குழாய்களைத் திறக்கும் அறையில் அதைப் போடக் கூடாதென்று அவளுக்குத் தெரியாதா? ஏசி நின்று நான்கு நாள். மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துபோய், காலையில் ஐந்தே நிமிடம் விசிறியைப் போட்டாள்.

அவள் சாப்பிட்டு வருவதற்குள் பொறுப்பாளர் எல்லா முடிவுகளையும் அனுப்பிவிட்டிருந்தார். தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை.

நாற்பத்தொரு பாசிட்டிவ்.

அதில் ஒருத்தி இசக்கித்தாய். பிரசவ வார்டு. விடியற்காலையில் பெற்றவள். ரிப்போர்ட் போன கையோடு குழந்தையை அடுத்த கட்டிடத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

வார்டுக்குப் போன் செய்தாள். தப்பு எங்கள் பக்கம், குழந்தையைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். எழுத்தில் வேண்டுமாம். பொறுப்பாளரோ மறுபடி சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம். அனுப்பும்போது இந்தக் கவனம் எங்கே போயிருந்தது?

ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழ நேரமில்லை.

மேசையைத் துடைத்தாள். புதுக் கையுறை. புது மாதிரி. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவும் முடியாது.

மாலை ஐந்தரை.

தண்ணீர் நெகட்டிவ். இசக்கித்தாய் நெகட்டிவ்.

கையெழுத்தை வாங்கிக்கொண்டு வார்டுக்கு அவளே ஓடினாள். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலருகே நீட்டினாள்.

இசக்கித்தாய் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பால் கட்டி, மார்பில் சேலை நனைந்திருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நானே ரெண்டாவது வாட்டி டெஸ்ட் பண்ணிட்டேன். பிள்ளைய வாங்குங்க."

இசக்கித்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"மொத தடவையும் நீங்கதான மேடம் பாத்திய?"

குழந்தை பசியில் வீறிட்டது.

போர்வைக்குள்ளிருந்து கைகள் வெளியே வரவில்லை.