ஒரு புள்ளிகூட மாறவில்லை

கம்ப்யூட்டர் திரையில் ‘ட்ரூ’ என்று வந்ததும் வானதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நெல் ஆராய்ச்சித் திட்டத்துக்கு வரும் அளவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரே வயலில் அதே பயிர்களின் உயரத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஆளுக்கொரு ஃபைல் அனுப்ப வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றா என்று ‘ஆர்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வரி எழுதிக் கேட்டால் சொல்லிவிடும். இரண்டு பேர் அளந்தால் கொஞ்சமாவது முன்னே பின்னே இருக்கும். ‘ஃபால்ஸ்’ என்றுதான் வரவேண்டும்.

பூதலூர் ஃபைல்கள் இரண்டிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

“காப்பி அடிச்சிருக்காங்க மேடம். ரெண்டு பேரையும் நிறுத்திடுங்க” என்றார் பக்கத்து மேஜை மீரா உசேன்.

“யாரு யாரைப் பார்த்து அடிச்சாங்கன்னு தெரிய வேணாமா?”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பூதலூர் வயலில் அளவெடுப்பவர்கள் இருவருமே இருந்தார்கள். நெடுஞ்செழியன் குனிந்து பயிரை நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஜாஸ்லின் ஸ்கேலைப் பார்த்துப் போனில் பதிந்துகொண்டிருந்தாள்.

“தனித்தனியா அளக்கணும்னு தெரியாதா?” வரப்பிலிருந்தே கேட்டாள் வானதி.

ஜாஸ்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அண்ணனுக்குக் கண்ணுல புரை மேடம். ஸ்கேல்ல கோடு தெரியல. ஆபரேஷன் முடியறவரைக்கும் சேர்ந்து அளந்து, அதையே அவர் பேர்லயும் அனுப்பிடலாம்னு...”

“நான்தான் கெஞ்சினேன் மேடம்” என்றார் நெடுஞ்செழியன். “வேலை போயிடுமேன்னு பயம். அந்தப் பொண்ணை விட்டுடுங்க.”

வானதிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

“அவர் ஃபைல்ல நம்பரைக் கொஞ்சம் மாத்திப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் மாத்தல?”

“திருக்காட்டுப்பள்ளி டீம்ல அப்படித்தான் பண்ணச் சொன்னாங்க மேடம்.” ஜாஸ்லின் தயங்கினாள். “அளக்காத அளவை எப்படி மேடம் எழுதறது?”

வானதி வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினாள்.

“இனிமே ஒரே ஃபைலா அனுப்புங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அளந்ததுன்னே எழுதுங்க. ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். அண்ணே, முதல்ல கண்ணைப் பாருங்க.”

திரும்பி வந்ததும் திருக்காட்டுப்பள்ளி ஃபைல்களைத் திறந்தாள். ஒழுங்கான டீம் என்று அவளே பாராட்டியிருந்தவர்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கக் கம்ப்யூட்டரிடம் சொன்னாள்.

முதல் பயிரிலிருந்து கடைசிப் பயிர்வரை வித்தியாசம் ஒரே மாதிரி: அரை சென்டிமீட்டர்.