போகாத செய்தி

பியட்றிஸ் மறுபடியும் போனைத் தட்டினாள். செய்தி போகவில்லை. கலவரத்தால் கண்டி முழுக்க ஊரடங்கு. வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கிவிட்டது.

“போன் கோல் எடுத்துச் சொல்லுங்களேன்,” என்றாள் எதிர்க் கதிரையில் இருந்த நஸீரா. அவள் புருஷன் நிஸாமின் சாப்பாட்டுக் கடையைக் காலையில் எரித்துவிட்டார்கள். பிள்ளையோடு பியட்றிஸ் வீட்டில் ஒதுங்கியிருந்தாள்.

“குரூப்புக்கு அனுப்பணும் அக்கா. எத்தன பேருக்கு கோல் எடுக்கிறது?”

“எங்களுக்காகவா இந்தப் பாடு படுறீங்க? வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்களே, அதுவே போதும் தங்கச்சி. அல்லாஹ் ஒங்கள நல்லா வைப்பான்.”

நஸீரா எழுந்து குசினிக்குப் போனாள். பியட்றிஸ் போனைப் பார்த்தாள். ‘நான் அனுப்பியது பொய். யாரும் நம்ப வேண்டாம்’ என்ற வரி போகாமல் அப்படியே நின்றது. அதற்கு மேலே, முடக்குவதற்கு முன்பே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி இருந்தது. யாரோ அனுப்பியதை நேற்று அவள்தான் குரூப்பில் போட்டிருந்தாள்.

‘நிஸாம் கடைச் சாப்பாட்டில் ஏதோ மருந்து கலக்கிறார்களாம். உண்மையோ பொய்யோ, எதற்கும் கவனமாக இருங்கள்.’

“இந்தாங்க, நானே ஊத்தின தேத்தண்ணி,” என்று கோப்பையை நீட்டினாள் நஸீரா. “குடிச்சிட்டு மெதுவா அனுப்புங்க.”

பியட்றிஸால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.