இடது ஓரம்

காயும் சட்டை, நனைந்த குடை, தேநீர்க் கோப்பை என்று தச்சர் எந்தப் படத்தைப் போட்டாலும், புகைப்படக் குழுவில் 'மின்மினி' என்ற பெண்மணி ஒரே குறையைத்தான் சொல்வார்.

"மறுபடியும் இடது ஓரத்துல உங்க விரல் விழுந்திருக்கு."

"விரலாம் விரல்! வேணும்னே வம்புக்கு இழுக்கறாங்க" என்று தச்சர் மனைவியிடம் பொரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழுவினர் பூங்காவில் கூடினார்கள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடும் எண்ணத்தோடு தச்சரும் மனைவியோடு போனார். மின்மினியே எதிரே வந்தார்.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். நடக்கறப்ப இடது பக்கம் அடிக்கடி இடிச்சுக்கறீங்களா?"

தச்சர் திகைத்தார். "ஆமா, கதவு நிலையில ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கண் டாக்டர். மூணு மாசமாத்தான் உங்க படத்துல விரல் விழுது. எத்தனை தடவை சொல்லியும் அது உங்க கண்ணுக்கே தெரியலைன்னதும் பயந்துட்டேன். நாளைக்கே வாங்க."

மறுநாள் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சிரித்தார். "நல்லவேளை, சீக்கிரமே பிடிச்சுட்டோம். மருந்து போட்டா இருக்கிற பார்வையைக் காப்பாத்திடலாம்."

மனைவி டாக்டரின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். தச்சர் கைபேசியை எடுத்தார்.

"டாக்டரம்மா, ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."